தளம் திறக்கலையா? துப்பறிந்து பாருங்க!

இணையத்தில் 'மாத்தூர்' என்று தேடினால், கன்னியாகுமரி மாவட்டத்துத் தொட்டிப்பாலம்தான் பெரும்பாலும் முன்னால் வந்து நிற்கும். 1966-ல் கட்டிய பாலம் அது. 115 அடி உயரம், சுமார் ஒரு கிலோமீட்டர் நீளம். பிரபலமாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை!

ஆனால், வடசென்னையில் மணலிக்குப் பக்கத்திலும் ஒரு மாத்தூர் இருக்கிறதே! எம்.எம்.டி.ஏ. குடியிருப்பு, ஏரி, பக்கத்திலேயே சுத்திகரிப்பு ஆலை, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் என்று அந்த ஊருக்கும் சொல்ல நிறையக் கதை உண்டு. 2011-ல்தான் அது சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. அந்தக் கதையை எல்லாம் யார் எழுதுவது? அங்கே வசிப்பவர்கள்தான் எழுத வேண்டும்.

சரி, ஆசிரியர் உதவியோடு 'எங்கள் மாத்தூர்' என்று ஓர் இணையதளம் தொடங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வேர்ட்பிரஸ் என்ற இலவச மென்பொருள் போதும். அது பிறந்த கதை தெரியுமா? 'பி2' என்று ஒரு வலைப்பதிவு மென்பொருள் இருந்தது. அதை எழுதியவர் பாதியில் நிறுத்திவிட்டார். பயன்படுத்தியவர்கள் எல்லாம் திண்டாடினார்கள். அமெரிக்காவைச் சேர்ந்த மேட் முல்லன்வெக்கும் இங்கிலாந்தைச் சேர்ந்த மைக் லிட்டிலும் அதை எடுத்துச் சரிசெய்து, 2003 மே மாதம் வேர்ட்பிரஸ் என்ற பெயரில் வெளியிட்டார்கள். அப்போது மேட்டுக்கு வயது 19! ஆக, இந்த மென்பொருள் பிறந்ததே ஒரு சிக்கலைத் தீர்க்கப் போய்த்தான்.

உங்கள் தளத்திலும் சிக்கல் வரும். வந்ததும் பதறிப்போய் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்காதீர்கள். துப்பறிவாளர் போலத் தடயம் தேடுங்கள். திரையில் வரும் பிழைச் செய்திதான் முதல் தடயம். அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்து பாருங்கள். நான்கை ஒன்றாக மாற்றினால், எதனால் சரியானது என்றே தெரியாது!

1. தமிழ் தெரியவில்லையே!

'மாத்தூர்' என்ற சொல்லில் நமக்கு எழுத்து 4. கம்ப்யூட்டருக்கு 8! 'மா' என்பதை 'ம', துணைக்கால் என்று இரண்டாகவும், 'த்' என்பதை 'த', புள்ளி என்று இரண்டாகவும் அது எண்ணும். இந்த 8 குறிகளில் ஒவ்வொன்றையும் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட்டுகளாகச் சேமிக்கும். மொத்தம் 24 பைட். இந்தக் கணக்கு தெரிந்தால் நோயைக் கண்டுபிடித்துவிடலாம்.

கட்டம் கட்டமாகத் தெரிகிறதா? கவலை வேண்டாம். எழுத்து பத்திரமாக இருக்கிறது. பார்க்கும் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான்.

ஏறத்தாழ 24 விநோதமான ஐரோப்பிய எழுத்துகள் தெரிகின்றனவா? அப்போதும் எழுத்து இருக்கிறது. கம்ப்யூட்டர் அதை வேறு முறையில் தவறாகப் படிக்கிறது. படிக்கும் முறையை யுடிஎஃப்-8 என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சரியாக 8 கேள்விக்குறிகள் தெரிகின்றனவா? இதுதான் ஆபத்தானது. தமிழை ஏற்காத டேட்டாபேஸில் சேமித்ததால், ஒவ்வொரு குறியும் கேள்விக்குறியாகவே பதிவாகிவிட்டது என்று அர்த்தம். அதிலிருந்து பழைய எழுத்தை மீட்க முடியாது. பத்திரப்படுத்திய பிரதி இருந்தால்தான் உண்டு. தளத்தை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது இது அதிகம் நடக்கும். அதனால், முழுவதையும் மாற்றும் முன் ஒரே ஒரு தமிழ்ப் பதிவை ஏற்றிச் சோதித்துப் பாருங்கள்.

தமிழுக்கு இந்தப் பாடு புதிதில்லை. 1990-களில் ஒவ்வொரு எழுத்துருவும் ஒவ்வொரு முறை. ஒருவர் அனுப்பியதைப் படிக்க, அவர் வைத்திருக்கும் அதே எழுத்துரு நம்மிடமும் இருக்க வேண்டும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாகக் கொடுத்தது. முதலில் மயிலை போன்ற எழுத்துருக்களில் வந்த அந்த நூல்கள், பிறகு டிஸ்கி முறைக்கும், அதன்பின் யூனிகோடுக்கும் மாறின. பொறுமையாக மாற்றியதால்தான் இன்று உங்கள் செல்போனில்கூட அவற்றைப் படிக்க முடிகிறது. மாற்றாமல் விட்டிருந்தால்?

2. உள்ளே விட மறுக்கிறதே!

'டேட்டாபேஸுடன் இணைக்க முடியவில்லை' என்று வருகிறதா? துறைமுக வாசலில் கன்டெய்னர் லாரி நிற்பதைக் கற்பனை செய்யுங்கள். காகிதத்தில் ஓர் எண் தவறாக இருந்தாலும் உள்ளே விடமாட்டார்கள். வேர்ட்பிரஸிடமும் 4 விவரங்கள் கொண்ட காகிதம் ஒன்று உண்டு. டேட்டாபேஸின் பெயர், பயனர் பெயர், பாஸ்வேர்டு, சர்வரின் பெயர். இவை 'டபிள்யூபி-கான்ஃபிக்' என்ற கோப்பில் இருக்கும். ஆசிரியரோடு உட்கார்ந்து எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். நான்கும் சரியாக இருந்தால், டேட்டாபேஸ் சர்வர் ஓடவில்லையோ என்று அதை நடத்துபவரிடம் கேளுங்கள்.

3. திரை வெள்ளையாகிவிட்டதே!

புதிதாக ஒரு பிளக்-இன் சேர்த்தீர்களா? ஒரு பிளக்-இன் இன்னொன்றோடு மோதினால் தளமே வெள்ளைத் திரையாகிவிடும். 2019-ல் வந்த வேர்ட்பிரஸ் 5.2 முதல் ஒரு வசதி உண்டு. பெரிய கோளாறு என்றால் நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு ஒரு கடிதம் வரும். அதிலுள்ள இணைப்பு வழியே உள்ளே போய்க் கோளாறான பிளக்-இன்னை நிறுத்தலாம். அதனால் தளம் தொடங்கும்போதே சரியான மின்னஞ்சல் முகவரியைக் கொடுங்கள்.

கடிதம் வரவில்லையா? சர்வரில் பிளக்-இன்கள் இருக்கும் ஃபோல்டரின் பெயரை மாற்றுங்கள். எல்லாம் ஒரேயடியாக நின்றுவிடும். தளம் திறந்துகொண்டால் குற்றவாளி அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறான்! பழைய பெயரையே திரும்ப வைத்துவிட்டு, 8 பிளக்-இன் இருந்தால் 4-ஐ மட்டும் இயக்குங்கள். சிக்கல் வந்தால் அந்த நான்கில் ஒன்று, வராவிட்டால் மற்ற நான்கில் ஒன்று. பிறகு 2, பிறகு 1. மூன்றே சோதனையில் பிடித்துவிடலாம்!

4. பக்கம் காணவில்லையே!

முகப்பு திறக்கிறது, உள்ளே எந்தப் பதிவைத் தொட்டாலும் '404' என்று வருகிறதா? அமைப்புகள் பகுதியில் 'நிரந்தர இணைப்புகள்' என்பதைத் திறந்து, எதையும் மாற்றாமல் 'சேமி' பொத்தானை மட்டும் அழுத்துங்கள். பல நேரம் இதுவே மருந்து!

தமிழ்த் தலைப்பில் இன்னொரு சிக்கல் உண்டு. பதிவின் முகவரியைச் சேமிக்க வேர்ட்பிரஸ் ஒதுக்கும் இடம் 200 குறிகள். முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 9 இடத்தைப் பிடிக்கும். 'மாத்தூர் ஏரியைக் காப்போம்' என்று வைத்தால் 23 குறிகள். 23-ஐ 9-ஆல் பெருக்கினால் 207. வால் அறுந்துவிடும்! தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும். முகவரியை மட்டும் சுருக்கமாக ஆங்கில எழுத்தில் வையுங்கள்.

5. படம் ஏறவில்லையே!

சர்வர் மென்பொருளான பிஎச்பி, தானாக அனுமதிக்கும் கோப்பின் அளவு 2 எம்பி மட்டும். செல்போனில் எடுத்த படம் அதைத் தாண்டிவிடும். படத்தின் அகலத்தை 1,200 பிக்சல் அளவுக்குக் குறைத்து ஏற்றுங்கள். பார்ப்பவருக்கும் பக்கம் சீக்கிரம் திறக்கும்.

6. கூகுளில் வரவில்லையே!

எல்லாம் சரி, தேடினால் மட்டும் கிடைக்கவில்லையா? அமைப்புகளில் 'படித்தல்' பகுதிக்குப் போங்கள். 'தேடுபொறிகள் வர வேண்டாம்' என்ற பொருளில் ஒரு கட்டம் இருக்கும். தளம் கட்டும்போது அதில் டிக் போட்டவர்கள், பிறகு எடுக்க மறந்துவிடுவார்கள். எடுத்துவிட்டுச் சில நாள் காத்திருங்கள். பக்கத் தலைப்பில் வெறும் 'மாத்தூர்' என்று எழுதாமல் 'மாத்தூர், மணலி, சென்னை' என்று எழுதுங்கள். தொட்டிப்பாலத்தைத் தேடுபவர் ஒருபுறம் போவார், உங்கள் ஊரைத் தேடுபவர் உங்களிடம் வருவார்.

கடைசியாக, இதை மறக்காதீங்க!

ஜியோசிட்டீஸ் என்ற இலவச இணைய சேவையை யாஹூ நிறுவனம் 2009 அக்டோபரில் மூடியது. அதில் பக்கம் வைத்திருந்து, பிரதி எடுக்காத பலருடைய எழுத்து காணாமல் போனது. அதனால் வாரம் ஒரு முறை பிரதி எடுங்கள். பதிவுகள் இருப்பது டேட்டாபேஸில், படங்கள் இருப்பது ஃபோல்டரில். ஒன்றை மட்டும் எடுத்தால் பாதிதான் மிஞ்சும். இரண்டையும் பென் டிரைவில் போட்டுப் பள்ளியில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாக வையுங்கள்.

உங்கள் வீட்டு முகவரி, போன் நம்பர், நண்பர்களின் புகைப்படம் ஆகியவற்றைத் தளத்தில் போடாதீர்கள். பாஸ்வேர்டு ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ இருக்கட்டும்.

மாத்தூர் ஏரியில் இந்த மழைக்கு எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, தெருவில் எந்த மரம் பழையது, தாத்தா பாட்டி வந்தபோது அந்த இடம் எப்படி இருந்தது? முதல் பதிவுக்கு இதில் ஒன்றே போதும். எழுதி முடித்ததும், அடுத்ததைத் தொடங்கும் முன் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்!