அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பற்றி இங்கே பேசுவதில்லை

2019 ஜனவரியில் வாஷிங்டனின் சிட்வெல் ஃப்ரெண்ட்ஸ் பள்ளியிலிருந்து பெற்றோருக்கு ஒரு கடிதம் போனது. எழுதியவர் அந்தப் பள்ளியின் கல்லூரி ஆலோசனைப் பிரிவுத் தலைவர். எண்ணை மறைத்துக்கொண்டு வரும் அழைப்புகளை இனி எடுக்க மாட்டோம், அனுப்பியவர் யாரென்று தெரியாத தபாலைப் பிரிக்க மாட்டோம் என்றது அந்தக் கடிதம். இன்னொருவர் வீட்டுப் பிள்ளையைப் பற்றி எதைச் சொல்ல வந்தாலும் அதைப் பற்றிப் பேச மாட்டோம் என்றும் சொன்னது.

1883-ல் தொடங்கப்பட்ட குவேக்கர் பள்ளி அது. கிளின்டனின் மகளும் ஒபாமாவின் மகள்களும் படித்த இடம். அப்படிப்பட்ட பள்ளியின் பெற்றோரில் சிலர், தங்கள் பிள்ளையோடு போட்டியில் இருக்கும் வகுப்புத் தோழர்களைப் பற்றிப் பெயர் சொல்லாமல் கோள் மூட்டியிருக்கிறார்கள். அந்தக் கல்வியாண்டின் முடிவில் பிரிவின் மூன்று ஆலோசகர்களில் இருவர் வேலையை விட்டுப் போனார்கள். செய்தி பத்திரிகைகளில் வந்தபோதுதான், அமெரிக்கத் தனியார் பள்ளிகளின் மிகக் கனமான நாற்காலி எது என்று வெளியுலகுக்குத் தெரிந்தது.

வேறு கவுன்சிலிங்

நம் ஊரில் பொறியியல் கவுன்சிலிங் என்றால் நீண்ட காலம் அண்ணா பல்கலைக்கழகம்தான். கணிதத்துக்கு 100, இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து 100, ஆக மொத்தம் 200-க்கு ஒரு கட் ஆஃப். 2018-ல் எல்லாம் ஆன்லைனுக்குப் போகும்வரை, ராத்திரி பஸ் ஏறிக் கிண்டிக்கு வந்து, எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்று திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த குடும்பங்கள் ஆயிரமாயிரம். அங்கே பிள்ளையிடம் யாரும் 'நீ எப்படிப்பட்டவன்?' என்று கேட்பதில்லை. அந்த முறையின் நேர்மையே அதில்தான் இருக்கிறது. கூலித் தொழிலாளியின் மகளுக்கும் அதிகாரியின் மகனுக்கும் ஒரே தராசு.

அமெரிக்காவின் பெரிய தனியார் கல்லூரிகளில் அந்தத் தராசு இல்லை. மதிப்பெண், எடுத்த பாடங்களின் கடினம், 650 சொற்களுக்குள் எழுதும் கட்டுரை, வகுப்புக்கு வெளியே செய்தவை, ஆசிரியர்களின் பரிந்துரை எல்லாவற்றையும் வைத்து ஒரு குழு முடிவெடுக்கிறது. அந்தக் குழுவின் மேஜைக்குப் பள்ளியின் குரலாகப் போவது ஆலோசகரின் கடிதம். மாணவரை நேரில் பார்த்தே இராத ஒருவருக்கு, 'இந்தப் பிள்ளை யார்' என்று எடுத்துச் சொல்லும் கடிதம் அது.

சிட்வெல் போன்ற பள்ளிகளை இண்டிபெண்டன்ட் டே ஸ்கூல் என்பார்கள். காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் பள்ளி டே ஸ்கூல். தனக்கென ஓர் அறங்காவலர் குழுவை வைத்துக்கொண்டு, பெரும்பாலும் கட்டணத்திலும் நன்கொடையிலும் நடப்பது இண்டிபெண்டன்ட் ஸ்கூல். நியூயார்க்கின் பெயர்பெற்ற சிலவற்றில் ஆண்டுக் கட்டணம் 60,000 டாலரைத் தாண்டிவிட்டது. இத்தனை பணம் கட்டும் பெற்றோரில் பலர், கடைசி வருடத்தில் கைக்கு வரவேண்டிய பலனைப் பற்றி ஒரு கணக்கும் வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கோடு அவர்கள் வந்து உட்காருவது ஆலோசனைப் பிரிவுத் தலைவரின் எதிரில்தான்.

ஒரு வருடம் எப்படிப் போகிறது

ஆகஸ்ட் 1-ல் காமன் ஆப் திறக்கிறது. 1975-ல் 15 கல்லூரிகள் சேர்ந்து தொடங்கிய பொது விண்ணப்பம் இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்குப் பொது. அதற்குள் 'ஸ்கூல் ப்ரொஃபைல்' தயாராக இருக்க வேண்டும். இந்தப் பள்ளியில் என்னென்ன பாடங்கள் உண்டு, மதிப்பெண் எப்படிப் போடுகிறோம், கல்லூரிக்குப் போன பிள்ளைகள் எங்கெங்கே சேர்ந்தார்கள் என்று சில பக்கங்களில் சொல்லும் ஆவணம் அது. செப்டம்பரிலும் அக்டோபரிலும் கல்லூரிப் பிரதிநிதிகள் பள்ளி பள்ளியாக வருவார்கள். நவம்பர் 1-ல் முதல் கெடு. ஜனவரி தொடக்கத்தில் அடுத்தது. மார்ச் கடைசியில் பெரிய கல்லூரிகளின் முடிவுகள். மே 1-க்குள் பிள்ளை எங்கே சேர்வதென்று சொல்லியாக வேண்டும்.

இந்த நாட்களுக்கு நடுவில்தான் உண்மையான வேலை கிடக்கிறது. எந்தப் பிள்ளை எந்த ஆலோசகரிடம் என்று பிரிப்பது, சக ஆலோசகர்கள் எழுதிய கடிதங்களை வரி வரியாகப் படித்துத் திருத்துவது, கணக்கு வாத்தியாருக்கு 'நல்ல மாணவன்' என்பதற்கு மேல் எழுதக் கற்றுத்தருவது, உதவித்தொகைப் படிவங்களோடு மல்லுக்கட்டும் வீட்டோடு பொறுமையாக உட்காருவது எல்லாம் தலைவர் பொறுப்பு. 'எர்லி டெசிஷன்' முறையில் விண்ணப்பித்தால், இடம் கிடைத்ததும் சேர்ந்தே ஆகவேண்டும். அந்த ஒப்பந்தத்தில் மாணவரும் பெற்றோரும் போடும் கையெழுத்தோடு ஆலோசகரின் கையெழுத்தும் உண்டு. ஒரு பிள்ளை இரண்டு இடத்தில் வாக்குக் கொடுத்தால், பள்ளியின் சொல்லே பொய்த்துப்போகும்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது கல்லூரிப் பட்டியல் போடுவது. கைக்கு எட்டுவன சில, எம்பினால் எட்டுவன சில, யாருக்குமே எட்டுமென்று சொல்ல முடியாதவை சில. ஹார்வர்டில் 2023-ல் சேர்ந்த வகுப்புக்கு 56,937 பேர் விண்ணப்பித்தார்கள். 1,942 பேருக்கு இடம் கிடைத்தது. நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. 'உங்கள் பிள்ளை அருமையான பிள்ளை. ஆனாலும் கிடைக்காமல் போக வாய்ப்பு அதிகம்' என்ற இரண்டு வாக்கியங்களையும் ஒரே மூச்சில், இரண்டும் உண்மையென்று பெற்றோர் உணரும்படி சொல்லத் தெரிந்தவரே நல்ல தலைவர்.

பக்கவாட்டுக் கதவு

உண்மை சொல்வதற்கு இந்த வேலையில் விலையும் உண்டு. 2019 மார்ச் 12 அன்று அமெரிக்க நீதித்துறை 50 பேர் மீது வழக்கு அறிவித்தது. விளையாட்டுப் பயிற்சியாளர்களுக்கு லஞ்சம், தேர்வில் ஆள்மாறாட்டம் என்று கல்லூரி இடங்களை விலைக்கு வாங்கிய மோசடி. அதன் மூளையாக இருந்த ரிக் சிங்கர் தன்னையும் கல்லூரி ஆலோசகர் என்றே சொல்லிக்கொண்டவர். தான் திறந்துவிட்ட வழிக்கு 'பக்கவாட்டுக் கதவு' என்று பெயரும் வைத்திருந்தார். 2023 ஜனவரியில் அவருக்கு மூன்றரை ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

அந்த வழக்கின் ஆவணங்களில் இன்னொரு ஆலோசகரும் வருகிறார். லாஸ் ஏஞ்சல்ஸ் பள்ளி ஒன்றில் வேலை பார்த்தவர். தன் மாணவி படகுப் போட்டி வீராங்கனை என்று சேர்க்கப்பட்டிருப்பது தெரிந்ததும், தனக்குத் தெரிந்தவரை அவள் படகு வலிப்பவள் இல்லையே என்று பல்கலைக்கழகத்திடம் சந்தேகத்தைச் சொன்னார். மாணவியின் தந்தை பள்ளிக்கே வந்து கோபத்தோடு கேள்வி கேட்டார். சம்பளம் தரும் பள்ளி ஒருபுறம், கட்டணம் தரும் பெற்றோர் மறுபுறம். நடுவில் நின்று 'இது உண்மையில்லை' என்று சொல்ல அவருக்கு மனம் இருந்தது. ஒரு பள்ளியின் கடிதத்துக்குக் கல்லூரிகள் தரும் மதிப்பு இப்படிப்பட்டவர்களால் நிற்கிறது.

முப்பது பேரும் முந்நூறு பேரும்

இந்த அக்கறை எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்கிறதா என்று கேட்காமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. தனியார் பள்ளியில் ஓர் ஆலோசகரின் பொறுப்பில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது, நாற்பது பேர் இருப்பது சாதாரணம். அமெரிக்கப் பொதுப் பள்ளிகளில் 2022-23-ல் சராசரியாக 385 மாணவர்களுக்கு ஓர் ஆலோசகர். கல்லூரி மட்டுமல்ல, பாட அட்டவணை, வீட்டுப் பிரச்சினை, மனச்சோர்வு எல்லாம் அவர் தலையில். பள்ளி ஆலோசகர்கள் சங்கம் போதுமென்று சொல்லும் அளவே 250.

2023-ல் ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் மூவரும் வெளியிட்ட ஆய்வு இதன் விளைவைக் காட்டியது. ஒரே தேர்வு மதிப்பெண் எடுத்த பிள்ளைகளில், வருமானத்தில் உச்சியில் உள்ள ஒரு சதவீதக் குடும்பத்துப் பிள்ளைகள், நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளைவிட இரு மடங்குக்கும் அதிகமாக மிகப் பெரிய கல்லூரிகளில் சேர்கிறார்கள். அங்கே படித்தவர்களின் பிள்ளைகளுக்குத் தரும் முன்னுரிமையும் விளையாட்டுச் சேர்க்கையும் இரண்டு காரணங்கள். மூன்றாவது, படிப்புக்கு அப்பாற்பட்ட தகுதிக்குத் தரும் மதிப்பு. தனியார் பள்ளிப் பிள்ளைகள் அதில் முந்துகிறார்கள். நன்றாக எழுதிய ஒரு கடிதத்துக்கும் இதில் பங்கு உண்டு. தன் மேஜையில் இருக்கும் முப்பது பிள்ளைகளுக்கு நியாயமாக நடக்கும் தலைவர், அந்த மேஜைக்கு வரவே முடியாத முந்நூறு பேரை மறந்துவிடக் கூடாது.

உள்ளே இருக்கும் பிள்ளைகளும் சுகமாக இல்லை. இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்த உளவியலாளர் சுனியா லூதர், வசதியான வீட்டுப் பிள்ளைகளிடம் போதைப் பழக்கமும் மனப்பதற்றமும் எதிர்பாராத அளவு இருப்பதைப் பல ஆண்டுகள் எடுத்துக் காட்டினார். சாதித்தே ஆகவேண்டும் என்ற அழுத்தத்தை, வறுமையோடும் பாகுபாட்டோடும் சேர்த்து வளரிளம் பருவத்தினரைப் பாதிக்கும் காரணங்களில் ஒன்றாக ராபர்ட் வுட் ஜான்சன் அறக்கட்டளையின் 2018 அறிக்கை பட்டியலிட்டது.

நம் வீட்டுக் கூடத்தில்

நியூஜெர்சியில் என் அக்கா வீட்டில் தங்கியிருந்த ஒரு வசந்த காலத்தில், இந்த வேலையின் அர்த்தம் எனக்குப் புரிந்தது. அக்கா மகள் பதினொன்றாம் வகுப்பு. பள்ளி ஆலோசகர் பெற்றோருக்கு ஒரு கேள்விப் படிவம் அனுப்பியிருந்தார். 'உங்கள் பிள்ளையைப் பற்றி எங்களுக்குச் சொல்லுங்கள்.' அவ்வளவுதான். அக்காவும் அத்தானும் நம் ஊர் கவுன்சிலிங்கில் கட் ஆஃப் பார்த்து இடம் வாங்கியவர்கள். ஒரு மணி நேரத்தில் பக்கம் நிறைந்துவிட்டது. மதிப்பெண், கணிதப் போட்டி, வயலின், பரதநாட்டிய அரங்கேற்றம்.

இரண்டு நாளில் ஆலோசகர் கூப்பிட்டார். 'இதெல்லாம் எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. யாரும் பார்க்காதபோது அவள் என்ன செய்வாள்?'

அக்கா என்னிடம் தாளை நீட்டினாள். "நீயே எழுதுடா. உனக்குத்தான் எழுத வருமே."

எனக்கும் தெரியவில்லை. மூன்று பேரும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் அத்தான்தான் மெல்லச் சொன்னார். "ஞாயித்துக்கிழமை ராத்திரி அவ யார்கூடப் பேசறா, கவனிச்சிருக்கீங்களா?" திருச்சியில் இருக்கும் பாட்டிக்கு வீடியோ அழைப்பில் இங்கிலீஷ் எழுத்துக் கற்றுத்தருகிறாள். மருந்துப் பட்டையில் இருக்கும் பெயரைத் தானே படிக்க வேண்டும் என்பது பாட்டியின் ஆசை. இரண்டு வருடமாக நடக்கிறது. விண்ணப்பத்தில் பத்துச் செயல்பாடுகளை எழுத இடம் உண்டு. பின்னால் எழுதுவதற்கென்று அவள் போட்டு வைத்திருந்த பட்டியலில் இது இல்லை.

ஏன் எழுதவில்லை என்று கேட்டேன்.

"அது ஆக்டிவிட்டி இல்லையே மாமா. அது பாட்டி."

ஆனாலும் 'மார்க் இருக்கிறது, ஏன் கிடைக்கவில்லை?' என்ற கேள்வி அங்குள்ள நம் வீடுகளில் இன்றும் எழுகிறது. ஹார்வர்ட் ஆசிய மாணவர்களை மட்டம் தட்டியதா என்ற கேள்வியோடு 2014-ல் தொடங்கிய வழக்கு, 2023 ஜூன் 29 அன்று சேர்க்கையில் இனத்தைக் கணக்கிடக் கூடாது என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் முடிந்தது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகும் இடங்கள் பெருகவில்லை. ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் இருவரும் 2002-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று பெற்றோருக்கு ஆறுதல் தரும். பெரிய கல்லூரியில் இடம் கிடைத்தும் வேறு கல்லூரிக்குப் போன பிள்ளைகள், பிற்காலச் சம்பாத்தியத்தில் பெரும்பாலும் பின்தங்கவில்லை. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் கல்லூரியின் பெயர் கைகொடுத்தது. மற்றவர்களைப் பொறுத்தவரை, பிள்ளையின் திறன் பிள்ளையோடுதான் போகிறது.

அக்கா அந்த இரவே முதல் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, பாட்டியையும் மருந்துப் பட்டையையும் பற்றி அரைப் பக்கம் எழுதினாள். அதில் ஒரு மதிப்பெண்கூட இல்லை. ஆலோசகர் கேட்டிருக்காவிட்டால், எங்கள் வீட்டுப் பெண்ணைப் பற்றி எங்களுக்கே அந்த அரைப் பக்கம் கிடைத்திருக்காது.