ஒன்றேகால் மீட்டர் போர்க்கப்பல்: அகலக்கால் வைக்கலாமா?

"அகலக்கால் வைக்காதே" என்று நம் முன்னோர்கள் சொல்லி வைத்தது கொள்முதலுக்கு மட்டும் அல்ல, பொழுதுபோக்குக்கும் பொருந்தும். வெளிநாடுகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது வாங்கி வரும் பொருள்களில் இப்போது 'மாடல் கிட்' என்பதும் சேர்ந்துள்ளது. பீரங்கி வண்டி, போர் விமானம், போர்க்கப்பல் ஆகியவற்றின் சிறு உருவங்களை நாமே ஒட்டி, வண்ணம் பூசிச் செய்துகொள்ளும் பெட்டிதான் அது. சிறிய பெட்டி என்றால் கவலை இல்லை. ஓர் ஆள் தூக்கச் சிரமப்படும் நீளத்தில் வந்து இறங்கினால் என்ன செய்வது?

பாப்பிரெட்டிப்பட்டியில் மளிகைக்கடை நடத்தும் மூத்த உறுப்பினர் ஒருவர் நம்மிடம் இதைத்தான் கேட்டார். "தங்கச்சி மகன் கொண்டாந்து குடுத்துட்டுப் போயிட்டானுங்க. பேரன் இன்னைக்கே பிரிக்கணும்னு நிக்கிறான். இதெல்லாம் நம்மால முடியுமாங்க, இல்ல பரண்லயே கெடக்கட்டுமா?" என்றார். இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பிரித்துவிட்டுப் பாதியில் நிறுத்தினால் பணம் போச்சு; பிரிக்காமல் வைத்தால் அது முடங்கிய சரக்கு. இரண்டிலும் நஷ்டம் பணத்தோடு முடிவதில்லை. எடுத்த காரியத்தை முடிக்கலாம் என்ற நம்பிக்கை பிள்ளைக்குக் குறைந்துபோகும். எனவே இதை விளையாட்டு என்று தள்ளிவிடாமல், ஒரு பெரிய கொள்முதலைப் போல நாம் ஆராய்ந்து பார்ப்போம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

இவ்வகைப் பெட்டிகளில் பிளாஸ்டிக் உறுப்புகள் சட்டம் சட்டமாக வார்க்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் உறுப்புக்கும் எண் உண்டு. அவற்றை நறுக்கி எடுத்து, ராவி, விளக்கப் புத்தகத்தில் உள்ள வரிசைப்படி ஒட்ட வேண்டும். பிறகு வண்ணம், கடைசியாக, நீரில் நனைத்து ஒட்டும் கொடி, எண், சின்னம் ஆகியவை.

இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1970-இல் ஸ்பிட்ஃபயர் விமானத்தை 24-இல் ஒரு பங்கு அளவில் வெளியிட்டது. இறக்கையின் நீளம் மட்டும் ஏறத்தாழ 47 சென்டிமீட்டர். அதே நிறுவனம் 2009-இல் கொண்டுவந்த மாஸ்கிட்டோ விமானத்தில் அறுநூறுக்கும் மேற்பட்ட உறுப்புகள். சீனாவின் ட்ரம்பெட்டர் நிறுவனம் 200-இல் ஒரு பங்கு அளவில் பிஸ்மார்க் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பலைத் தருகிறது. அசல் கப்பல் 251 மீட்டர். மாதிரி ஒன்றேகால் மீட்டர். உறுப்புகளின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டும். நம் கடையின் கல்லாமேசையில் இதை வைத்தால் வாடிக்கையாளருக்குச் சில்லறை கொடுக்க இடம் இருக்காது!

நீளம் வேறு, இடம் வேறு

அளவு பெரிதாகும்போது நம்மில் பலர் நீளத்தை மட்டுமே கணக்குப் பார்க்கிறோம். அங்கேதான் ஏமாந்துபோகிறோம். நீளம் இரண்டு மடங்கானால், வண்ணம் பூச வேண்டிய பரப்பு நான்கு மடங்காகிறது. அடைத்துக்கொள்ளும் இடம் எட்டு மடங்காகிறது. ஒரு சாண் டப்பாவுக்கும் இரண்டு சாண் டப்பாவுக்கும் பிடிக்கும் சரக்கில் எவ்வளவு வித்தியாசம் என்பது மளிகைக்காரருக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நமக்குத் தெரிந்த கப்பலையே எடுத்துக்கொள்வோம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்று குண்டு வீசி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளுக்குத் தீ வைத்தது எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல். "அவன் பெரிய எம்டன்" என்று இன்றும் நம் கடைத்தெருவில் பேச்சு வழங்குகிறதே, அந்த எம்டன்தான். அதன் அசல் நீளம் 118 மீட்டர். 700-இல் ஒரு பங்கு என்றால் 17 சென்டிமீட்டர். 350-இல் ஒரு பங்கு என்றால் 34. 200-இல் ஒரு பங்கு என்றால் 59. கடைசி இரண்டையும் ஒப்பிட்டால் நீளம் ஒன்றே முக்கால் மடங்குதான் கூடுகிறது. ஆனால் பெயிண்ட் மூன்று மடங்கு வேண்டும். வைக்கும் இடம் ஐந்து மடங்குக்கும் மேல் வேண்டும்.

நேரக் கணக்கையும் பார்த்துவிடுவோம். பெரிய கப்பல் ஒன்றுக்கு முந்நூறு மணி நேர வேலை என்று வைத்துக்கொள்வோம். கடையைச் சாத்தி, கணக்கு முடித்து, சாப்பிட்ட பிறகு நமக்குக் கிடைப்பது அரை மணி நேரம். அப்படியானால் அறுநூறு நாள். நடுவில் தீபாவளி வியாபாரம் வரும், பொங்கல் வரும், மஞ்சள் அறுவடை வரும். ஆக இரண்டு ஆண்டுக் காரியம் என்று தெரிந்தே இறங்க வேண்டும். பிள்ளையிடமும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சரக்கு வந்ததும் சரிபார்ப்போம்

லாரி ஷெட்டிலிருந்து சிப்பம் வந்தால் பில்லை வைத்து எண்ணிப் பார்க்காமல் நாம் கையெழுத்துப் போடுவோமா? இங்கும் அதே முறைதான். விளக்கப் புத்தகத்தில் ஒவ்வொரு சட்டத்தின் படமும் இருக்கும். அதைப் பார்த்துச் சட்டம் சட்டமாக எண்ணி, உடைந்தது, வளைந்தது, விடுபட்டது எது என்று முதல் நாளே குறித்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதம் கழித்து ஒரு பீரங்கிக் குழலைக் காணோம் என்றால் விற்றவர் பொறுப்பேற்க மாட்டார்.

ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, இன்று எந்த எண் உறுப்புகளை ஒட்டினோம், எந்த வண்ணம் எவ்வளவு செலவாயிற்று என்று பேரனையே எழுதச் சொல்லலாம். பேரேடு எழுதும் பழக்கம் இப்படியும் வரும்.

தேர் கட்டும் முறை

ஊர்த் தேரை நாம் எப்படிக் கட்டுகிறோம்? சக்கரம், அச்சு, பீடம் எல்லாம் தனித்தனி. மேலே மூங்கில் கட்டுமானம் தனி. சீலை, தொம்பை கடைசியில். பெரிய மாதிரியையும் அவ்வாறே பகுதி பகுதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். முதல் மாதம் ஒரே ஒரு பீரங்கிக் கூண்டு. அதை ஒட்டி, வண்ணம் பூசி, முழுதாக முடித்துத் தனி டப்பாவில் பத்திரப்படுத்த வேண்டும். அடுத்த மாதம் இரண்டாவது கூண்டு. அப்புறம் படகுகள், புகைபோக்கி, பாலம். அடிப்பாகத்தைக் கடைசியாக வெளியே எடுத்தால் போதும். அதுவரை வீட்டில் இடமும் அடைபடாது. மாதம் ஒன்று முடிந்தது என்ற திருப்தியும் இருக்கும்.

ஒட்டுவதில் அவசரம் ஆகாது. இதற்கென உள்ள திரவ ஒட்டு, கோந்து போல நடுவில் நிற்பதில்லை. பிளாஸ்டிக்கையே இளக்கி இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. தவறாக ஒட்டினால் பிரிப்பது கஷ்டம். ஆகவே முதலில் ஒட்டில்லாமல் பொருத்திப் பார்த்து, சரியென்று கண்ட பிறகே ஒட்ட வேண்டும். பித்தளைத் தகட்டு உறுப்புகளுக்கு இந்த ஒட்டு பிடிக்காது. ஃபெவிக்விக் வகைதான் வேண்டும்.

ஒட்டின் அருமைக்கு ஒரு நிஜக் கதை உண்டு. மேலே சொன்ன மாஸ்கிட்டோ, மரத்தை ஒட்டிச் செய்த விமானம். இரண்டாம் உலகப் போரின்போது நம் நாட்டுக்கு வந்த அவ்விமானங்களில் சில ஆகாயத்திலேயே இறக்கை முறிந்து விழுந்தன. 1944 நவம்பரில் எல்லாவற்றையும் பறக்காமல் நிறுத்தி ஆராய்ந்தார்கள். நம் வெயிலும் ஈரமும் ஒரு காரணம் என்றார்கள். தொழிற்சாலையில் ஒட்டுச் சரியில்லை என்பதும் தெரிய வந்தது.

கடைக்குள் கூடாது

உறுப்பினர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது இது. ஒட்டுத் திரவமும் தின்னரும் சட்டெனத் தீப்பிடிப்பவை. மாலையில் விளக்கேற்றி, ஊதுவத்தி கொளுத்தி, கற்பூரம் காட்டும் கடையில் அவற்றைத் திறக்கவே கூடாது. டீத்தூள், பால்பவுடர், மாவு வகைகள் பக்கத்தில் இருக்கும் நெடியை இழுத்துக்கொள்ளும். கிடங்கில் ஒரு நாள் பெயிண்ட் அடித்தால் ஒரு வாரம் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார்.

கடையால் மாதிரிக்கும் கேடு உண்டு. மிளகாய், மஞ்சள் தூசு ஈர வண்ணத்தில் படிந்தால் எடுக்க முடியாது. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் வைத்தால் மெல்லிய பிளாஸ்டிக் வளைந்துவிடும். பரணில் போட்டால் எலி. எனவே வீட்டில் ஜன்னல் உள்ள ஓர் அறை, ஒரு மேசை, மேலே மூட ஒரு பழைய வேட்டி போதும். கத்தி பிடிக்கும் வேலையைப் பெரியவர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

போர்க்கருவி எதற்கு என்பார்க்கு

"பிள்ளைகளுக்குப் போய்ப் பீரங்கியா?" என்று கேட்போர் உண்டு. நம் மாவட்டத்துக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. அதியமான் ஆண்ட தகடூர்தான் இன்றைய தர்மபுரி. அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அங்கே அழகுபடுத்தி வைத்திருந்த ஆயுதங்களைப் பார்த்துப் பாடியது புறநானூற்றில் 95-ஆம் பாட்டு. காட்சிக்கு நிற்கும் ஆயுதத்துக்கும் போரில் பழகிய ஆயுதத்துக்கும் உள்ள வேறுபாட்டை இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே சுட்டிய மண் இது.

மாதிரி செய்யும் பிள்ளைக்கு அந்தக் கப்பலின் கதையையும் சொல்லிக் கொடுப்போம். 1941 மே 24 அன்று பிஸ்மார்க் மூழ்கடித்த பிரிட்டனின் ஹூட் கப்பலில் இருந்த ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்டோரில் பிழைத்தவர்கள் மூன்றே பேர். மூன்று நாள் கழித்து, மே 27-இல் பிஸ்மார்க்கும் மூழ்கியது. அதில் மாண்டவர்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர். எம்டன் பிடித்தவற்றில் பெரும்பாலானவை நம்மைப் போன்ற வணிகர்களின் சரக்கு ஏற்றிய கப்பல்கள். 1914 செப்டம்பர் 10 அன்று பிடிபட்ட இண்டஸ் கப்பலில் ஏராளமாகச் சோப்பு இருந்ததாம். சோப்புக்குத் தவித்த மாலுமிகளுக்கு அன்று கொண்டாட்டம். அதே ஆண்டு நவம்பர் 9-இல் கோகோஸ் தீவில் ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் எம்டனின் கதையை முடித்தது. போர் வந்தால் மளிகைச் சரக்கும் தப்பாது என்பதற்கு வேறு பாடம் வேண்டுமா?

இது வெட்டிப் பொழுது என்றும் சொல்வதற்கில்லை. தேசிய மாணவர் படையின் கடற்படைப் பிரிவில் கப்பல் மாதிரி செய்வது ஒரு போட்டியாகவே நடத்தப்படுகிறது. விமானப் பிரிவில் விமான மாதிரிக்கும் இடம் உண்டு.

விற்பனைக்கு எடுக்கலாமா?

பொம்மை, எழுதுபொருள் சேர்த்து விற்கும் உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. பொம்மை, அளவு மாதிரி வகைக்கான இறக்குமதித் தீர்வை 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. ஆர்டர் போடும் அன்று என்ன வரி என்று விசாரித்துக்கொள்ளுங்கள். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பெட்டியில் என்ன வயது அச்சிட்டிருக்கிறது என்று பார்த்தே வாங்க வேண்டும். பெரிய பெட்டியை இருப்பில் வைக்கவே வேண்டாம். பாதிப் பணம் முன்பணமாக வாங்கிக்கொண்டு தருவித்துக் கொடுப்பதே நம்மைப் போன்ற சிறு ஊர்க் கடைக்கு ஏற்றது. வண்ணம், தூரிகை, உப்புத்தாள் ஆகியவை தினமும் நகரும், லாபம் அதில்தான்.

பிரிக்கும் முன் ஐந்து கேள்விகள்

1. செய்து முடித்த பின் வைக்க, கண்ணாடிப் பெட்டியோடு சேர்த்து ஒன்றரை மீட்டர் இடம் இருக்கிறதா? அந்த அறையின் வாசல் வழியாக அது நுழையுமா?

2. பெட்டி விலைக்கு மேல் வண்ணம், ஒட்டு, கருவி என ஆகும் செலவுக்குத் தனியாக ரொக்கம் ஒதுக்கியாயிற்றா?

3. வாரத்தில் எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு உட்காரப் போகிறோம்?

4. கூட உட்காரப் பெரியவர் யார்?

5. இதற்கு முன் சிறியது ஒன்றையாவது முழுதாக முடித்திருக்கிறோமா?

ஐந்தாவது கேள்விக்கு 'இல்லை' என்றால், பெரிய பெட்டியைப் பெயர் எழுதிக் காயமான இடத்தில் வைத்துவிட்டு, முதலில் சிறியதில் கை பழகலாம். ஜெர்மனியின் ரெவெல் நிறுவனம் எம்டனையே 350-இல் ஒரு பங்கு அளவில் வெளியிட்டிருக்கிறது, 34 சென்டிமீட்டர்தான். அந்த எம்டனை முடித்துக் காட்டிய பிள்ளையிடம் பிஸ்மார்க்கைத் தாராளமாகக் கொடுக்கலாம். சில்லறை வியாபாரத்தில் கைதேர்ந்த பிறகு மண்டி வைத்தவர்கள்தானே நம்மில் பெரும்பாலோர்!