துருப்பிடித்த சட்டையின் கதை

டெல்லியில் மந்திர் மார்க் என்று ஒரு சாலை இருக்கிறது. பிர்லா கோயில் அங்கேதான். டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்றும் அதே சாலையில் இருப்பதால் காலை நேரத்தில் தமிழ்ப் பேச்சு நிறையவே கேட்கும். ஜனவரி மாதக் குளிரில் அங்கே நின்று, போவோர் வருவோரின் உடைகளை மட்டும் கவனியுங்கள். காவலரின் காக்கி, தாத்தாவின் குரங்குக் குல்லா, அக்காவின் கார்டிகன், அதற்குள்ளே ஒரு டி-ஷர்ட். நான்குமே படைவீரர்களிடமிருந்து நம்மிடம் வந்து சேர்ந்தவை.

நான்கில் எனக்கு மிகவும் பிடித்தது காக்கிதான். அதற்குள் ஒரு முழு வேதியியல் பாடம் அடங்கியிருக்கிறது.

முன்பெல்லாம் ஆங்கிலேயப் படைவீரர்கள் பளிச்சென்ற சிவப்புக் கோட்டு போட்டுக்கொண்டு போருக்குப் போனார்கள். எதிரி கண்ணில் படுவோமே என்ற பயம் இல்லையா என்று கேட்பீர்கள். அந்தக் காலத்து வெடிமருந்து ஏராளமாகப் புகையும். இரண்டு முறை சுட்டால் போதும், போர்க்களமே மூடுபனி போலாகிவிடும். அந்தப் புகைக்குள் நம் ஆள் யார், எதிராளி யார் என்று தெரியத்தான் அடர்ந்த வண்ணங்கள். துப்பாக்கியும் அப்போது அதிக தூரம் குறி தவறாமல் சுடாது. பிறகு வெகுதூரம் சுடும் ரைஃபிள்கள் வந்தன. 1880-களில் புகையில்லாத வெடிமருந்தும் வந்தது. புகைத்திரை விலகியதும், சிவப்பு உடை எதிரிக்குக் குறி பார்க்கச் சுலபமாகிவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் மட்டும் 1914-இல்கூடச் சிவப்புக் காற்சட்டையோடு முதல் உலகப்போருக்குப் போய், அதற்குப் பெரிய விலை கொடுத்தார்கள்.

மண்நிற உடையின் அருமை இந்தியாவில் அதற்கு வெகுமுன்பே தெரிந்துவிட்டது. 1846-இல் பெஷாவரில் லம்ஸ்டன் என்ற ஆங்கில அதிகாரி 'கைட்ஸ்' என்ற படைப்பிரிவைத் திரட்டினார். வறண்ட மலைகளில் சுற்றும் அவர்களுக்குப் புழுதியின் நிறத்திலேயே உடை கொடுத்தார். 1857-இல் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்தபோது, இந்தப் படை ஆங்கிலேயர் பக்கம் நின்று, சுமார் 930 கிலோமீட்டரை 22 நாளில் கடந்து டெல்லிக்கு வந்தது. மந்திர் மார்க்கின் பின்புறம் மரங்கள் அடர்ந்த 'ரிட்ஜ்' என்ற மேடு இருக்கிறதல்லவா? ஆரவல்லி மலைத்தொடரின் வால் அது. அதன் வடக்குப் பகுதியில்தான் அன்றைய சண்டை நடந்தது. வெள்ளை உடையோடு வந்த மற்றப் பிரிவினரும் டெல்லி வெயிலிலும் புழுதியிலும் தங்கள் துணியை மண்நிறமாக்கிக்கொள்ளத் தொடங்கினார்கள்.

அங்கேதான் சிக்கல். சேறு, தேயிலை, பழச்சாறு என்று கிடைத்ததில் எல்லாம் நனைத்தார்கள். ஆளுக்கொரு நிறம் வந்தது. நாலு முறை துவைத்தால் அதுவும் போனது. காரணம் எளிது: நிறத்துகள்கள் நூலின் மேலே ஒட்டியிருந்தனவே தவிர, நூலைப் பிடித்துக்கொள்ளவில்லை.

பிடித்துக்கொள்ள வைக்கும் வித்தை நம் சோழமண்டலக் கரையின் சாயக்காரர்களுக்கு எத்தனையோ தலைமுறையாகத் தெரியும். துணியைக் கடுக்காய் நீரில் ஊறவைப்பார்கள். பிறகு படிகாரம். அதற்குப் பிறகே சாயவேர். படிகாரத்தில் இருக்கும் அலுமினியம் ஒரு பக்கம் நூலையும் மறுபக்கம் சாயத்தையும் பிடித்துக்கொள்ளும். அப்படிச் சாயமேற்றிய துணிகளை ஐரோப்பியர்கள் கப்பல் கப்பலாக வாங்கிப் போனது சும்மாவா? 1850-களில் மங்களூரில் பாசல் மிஷன் நெசவாலையில் ஹாலர் என்ற ஜெர்மானியரும் காக்கிச் சாயம் தயாரித்துக் கொண்டிருந்தார்.

1884-இல் இங்கிலாந்தின் லங்காஷயரைச் சேர்ந்த கேட்டி என்ற சாயத் தொழிலதிபர் சாயமே இல்லாமல் காக்கி செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அவர் எடுத்துக்கொண்டவை இரும்பும் குரோமியமும். இந்த இரண்டின் உப்புகளையும் தண்ணீரில் கரைத்துத் துணியை அதில் ஊறவைத்தார்கள். கரைசல் நூலின் உள்ளே வரை போய்விடும். உலர்த்திய பின், கொதிக்கும் காரக் கரைசலில் முக்கினார்கள். உடனே உப்புகள் தண்ணீரில் கரையாத ஆக்சைடுகளாக மாறி, இழைகளுக்குள்ளேயே தங்கிவிட்டன. இரும்பு ஆக்சைடு என்றால் வேறொன்றுமில்லை, துருதான்! துருவின் செம்பழுப்பும் குரோமியம் ஆக்சைடின் பச்சையும் சேர்ந்தால் காக்கி.

இந்த நிறம் துவைத்தால் போகாது, வெயிலிலும் வெளுக்காது. பழச்சாற்றின் நிறத்துக்குக் காரணமான பெரிய மூலக்கூறுகளைச் சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்கள் உடைத்துவிடும். துருவோ ஏற்கெனவே ஆக்சிஜனோடு சேர்ந்து முடிந்துபோன பொருள். அதை வெயில் என்ன செய்யும்? ஒரே ஒரு தொல்லை: துணி விறைப்பாகித் தையல் ஊசி இறங்கச் சிரமப்பட்டது. இன்றைய காக்கிக்கு வேறு சாயங்கள் வந்துவிட்டன.

மற்ற உடைகளை வேகமாகப் பார்த்துவிடுவோம். 1854 அக்டோபர் 25 அன்று கிரிமியாவில் பாலக்லாவா என்ற ஊரருகே ஒரு சண்டை. நம் குரங்குக் குல்லாவை ஆங்கிலத்தில் அந்த ஊர்ப் பெயராலேயே அழைக்கிறார்கள். அன்று குதிரைப்படையோடு பாய்ந்த பிரபுவின் பெயர் கார்டிகன். படைத்தலைவர் பெயர் ராக்லன். கழுத்திலிருந்து அக்குள் வரை சாய்வாகத் தைக்கும் கையைத் திருப்பூரில் இன்றும் ராக்லன் என்றுதான் சொல்கிறார்கள். கம்பளிக் குல்லா தானாகச் சூடு தருவதில்லை. சுருள் சுருளான கம்பளி இழைகளுக்கிடையே அகப்பட்ட காற்று நகராமல் நின்று, நம் உடம்புச் சூடு வெளியேறாமல் தடுக்கிறது. டி-ஷர்ட்டை 1913-இல் அமெரிக்கக் கடற்படை உள்ளாடையாக ஏற்றது. வளையம் வளையமாகப் பின்னிய துணி இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். அதனால் பொத்தானே தேவையில்லை.

படையுடை இன்னும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. 2022 ஜனவரி 15, ராணுவ நாளன்று டெல்லியில் நம் ராணுவத்தின் புதிய உடை அறிமுகமானது. சின்னச் சின்னக் கட்டங்களால் ஆன அந்த வடிவத்தைத் தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கினார்கள். கட்டங்கள் கலைந்து கிடப்பதால், ஆளின் உருவக்கோடு எங்கே முடிகிறது என்று நம் கண் தடுமாறும்.

துருச் சட்டையை நீங்களே செய்து பார்க்கலாம். அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருக்கட்டும். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைச் சிறிது வினிகரில் போட்டு, காற்றோட்டமான இடத்தில் நாலைந்து நாள் வையுங்கள். குமிழியாக வாயு வரும், அதனால் மூடியை இறுக்க வேண்டாம். அந்த நீரில் ஒரு வெள்ளைப் பருத்தித் துண்டை நனைத்து உலர்த்துங்கள். பிறகு கையுறை போட்டுக்கொண்டு சலவைச் சோடா கரைத்த நீரில் முக்குங்கள். முதலில் பச்சைச் சாயல் தெரியும். காற்றுப் பட்டதும் பழுப்பாகும். பள்ளிச் சீருடையில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், போகவே போகாது! குரோமியம் நஞ்சு, அந்தப் பக்கம் போக வேண்டாம். இன்னொரு துண்டைச் சேற்றுநீரில் நனைத்துக் காயவைத்து, இரண்டையும் வாரம் ஒருமுறை சேர்த்துத் துவையுங்கள். எது எத்தனை சலவைக்குத் தாங்குகிறது என்று குறித்து எங்களுக்கு எழுதுங்கள்.