வீதியைக் காக்கும் கண்கள்

அச்சுவேலிச் சந்தைக்கு வெங்காய மூடை ஏற்றிவரும் லொறிக்கு வீதியே உயிர். அதனை அமைப்போர் எவரென எண்ணிப் பார்ப்போர் சிலரே.

1820இல் கண்டி வீதி வேலையில் ஒரு பகுதியை ஏற்ற தோமஸ் ஸ்கின்னருக்கு வயது 16. பொறியியற் பயிற்சி இல்லை. அனுபவமே ஆசானாயிற்று. இன்று முறை வேறு. கட்டுபவர் ஒப்பந்தகாரர், களத்தில் நின்று மேற்பார்ப்பவர் வதிவிடப் பொறியியலாளர், அவருக்குத் துணையாக நில அளவையாளரும் பரிசோதகரும் தொழினுட்ப உத்தியோகத்தரும் உளர். கட்டுபவரே தம் வேலைக்குச் சான்று கூறலாகாது என்பதே இவ்வேற்பாட்டின் உயிர்நிலை. ஒவ்வொரு படையும் இறுகியுள்ளதா எனச் சோதித்த பின்னரே அடுத்த படை இடப்பெறல் வேண்டும். தாரிட்டபின் அடியிலுள்ள குறையை யார் காண்பார்?

பிறநாட்டுக் கடனால் எழும் வீதிகளில் மேற்பதவிகள் அயலார்க்குச் செல்வதுண்டு. அவர்கள் பணி முடிந்து மீள்வர். வீதியும் கடனும் நம்மிடமே தங்கும். ஆதலின் அச்சோதனைத் தொழிலை நீவிர் கற்றுக்கொள்ளுங்கள் என்பதே என் மாணவர்க்கு யான் கூறுவது.