தங்கவயலின் ஆழமும் அலகுச் சோதனையும்

இயற்பியல் சமன்பாட்டின் இரு பக்கங்களையும் மீட்டர், கிலோகிராம், விநாடி போன்ற அடிப்படை அலகுகள் வரை பிரித்தால், இரண்டும் ஒன்றாகவே வர வேண்டும். வராவிட்டால் சமன்பாடு தவறு. மேற்கொண்டு கணக்குப் போடவே வேண்டாம்.

எடுத்துக்காட்டாக, கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் மேலுள்ள பாறையின் எடை தரும் அழுத்தத்தைக் கண்டறிய, அடர்த்தி, ஈர்ப்பு முடுக்கம், ஆழம் மூன்றையும் பெருக்க வேண்டும். அடர்த்தியின் அலகு கிலோகிராம்/மீட்டர்³, முடுக்கத்துக்கு மீட்டர்/விநாடி², ஆழத்துக்கு மீட்டர். பெருக்கினால் கிலோகிராம்/(மீட்டர்·விநாடி²) கிடைக்கும். விசையைப் பரப்பால் வகுத்தாலும் இதே அலகுதான். இதன் பெயர் பாஸ்கல். அங்குள்ள பாறையின் அடர்த்தி ஏறத்தாழ 3,000 கிலோகிராம்/மீட்டர்³. ஆகவே 3,000 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் சுமார் 8.8 கோடி பாஸ்கல், காற்றழுத்தத்தைப் போல் 870 மடங்கு. இத்தகைய அழுத்தத்தால் நேர்ந்த பாறை வெடிப்புகளில் தொழிலாளர்கள் பலியான சுரங்கம் அது.

ஈர்ப்பு முடுக்கத்தை விட்டுவிட்டால் விடை கிலோகிராம்/மீட்டர்² என்று வரும். அது அழுத்தமே அல்ல. ஆனால் அதே சுரங்கத்தில் வேறொரு கூட்டத்தாருக்கு அந்த அளவுதான் தேவைப்பட்டது. 1965-இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் ஆய்வாளர்களும் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்களின் தடயத்தைப் பதிவு செய்தனர். அந்தத் தடயத்தை மறைத்துவிடக்கூடிய மற்ற அண்டக்கதிர்த் துகள்களைத் தடுப்பது பாறையின் தடிமன் மட்டுமல்ல. ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் மேலே எவ்வளவு பொருள் இருக்கிறது என்பதே முக்கியம். 2,300 மீட்டரைப் பாறையின் அடர்த்தியான 3,000-ஆல் பெருக்கினால் 69 லட்சம் கிலோகிராம்/மீட்டர்². இதை நீரின் அடர்த்தியான 1,000 கிலோகிராம்/மீட்டர்³-ஆல் வகுத்தால் அலகு மீண்டும் மீட்டராகிறது: 6,900 மீட்டர் நீருக்குச் சமமான காப்பு. ‘ஆழம்’ என்று ஒரே சொல்லால் குறிக்கப்படும் இரு வேறு அளவுகளை, மீட்டரில் வரும் தூரம், கிலோகிராம்/மீட்டர்²-இல் வரும் பொருளளவு என்று அலகு பிரித்துக் காட்டிவிடுகிறது. இந்தச் சோதனையின் பெரிய பலம் இதுவே.

இதற்கு எல்லையும் உண்டு. அழுத்தச் சூத்திரத்தின் முன்னால் யாரேனும் தவறாக ½ சேர்த்துவிட்டால் அலகு மாறாது. விடை மட்டும் பாதியாகும். பாறையின் அழுத்தம் 8.8 கோடி பாஸ்கலாக இருக்கும் இடத்தில் அதை 4.4 கோடி என்று எண்ணிச் சுரங்கத்தைத் திட்டமிடுவது உயிருக்கே ஆபத்து. அலகில்லாத எண்களைக் கோட்பாட்டாலோ நேரடி அளவீட்டாலோதான் உறுதிசெய்ய முடியும்.