படுக்கைப் புண்ணும் பரிகாரமும்

“அம்மா தூங்குகிறார்கள்” என்று மூன்று நாள் தொடர்ந்து தொலைபேசியில் பதில் வந்ததாம். நான்காம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆறாம் நாள் அந்த மூதாட்டி காலமானார். வெண்ணாற்றங்கரையில், புருஷன் போன பிறகும் அரை வேலி நிலத்தில் தனியாளாய் நின்று நடவும் அறுப்பும் நடத்தியவர் அவர். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. சிங்கப்பூரில் வேலையிலிருந்த மகன், முதியோர் விடுதியொன்றில் அவரைச் சேர்த்து மாதந்தவறாது பணங் கட்டி வந்தார். மரணச் சான்றில் “செப்ஸிஸ்” என்றும், அதற்கு மூலம் படுக்கைப் புண் என்றும் கண்டிருந்தது. அக்காகிதக் கட்டை எம் மேஜைமீது வைத்துவிட்டு, “வழக்குக்கு இடமுண்டா, ஐயா?” என்று அவர் வினவினார்.

இடமுண்டு. ஆனால் முதலில் நோய் இன்னதென்று அறிதல் வேண்டும். செப்ஸிஸை நம்மவர் “ரத்தம் விஷமாகிவிட்டது” என்பர். அது முற்றும் பொருந்தாது. ஓரிடத்தில் புகுந்த கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடலின் காவற்படை, நிலைதடுமாறித் தன் சொந்த உறுப்புக்களையே தாக்கத் தொடங்குவது அது. ரத்த அழுத்தம் விழும், மூச்சு விரையும், சிறுநீர் வற்றும். 2017 என்ற ஒரே வருஷத்தில் உலகில் 4 கோடியே 89 லட்சம் பேரை அது பற்றியதென்றும், 1 கோடியே 10 லட்சம் பேர் மாண்டனரென்றும், அவர்களில் இந்தியர் மட்டும் சுமார் 29 லட்சம் என்றும் 2020-இல் லான்ஸெட் என்ற வைத்தியப் பத்திரிகையில் வெளிவந்த ஆராய்ச்சி மதிப்பிட்டது. ஆரம்பத்தில் கண்டு தக்க மருந்து செலுத்தினால் பிழைப்போர் பலர். தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் நஷ்டக் கணக்கிலேயே சேரும்.

முதியோர் விஷயத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. வாலிபனுக்குக் காயும் காய்ச்சல் எண்பது வயதுக் கிழவிக்குக் காயாதிருக்கலாம். பேச்சுக் குழறுவதும், ஆளை அடையாளந் தெரியாமற் போவதும், சோறு வேண்டாமென்பதும், ஓயாத மயக்கமுமே அவளுக்கு அடையாளம். ஆகவே “தூங்குகிறார்கள்” என்று விடுதியார் சொன்னது பொய்யன்று. அபாயமணி அடித்துக்கொண்டிருந்ததை அவர்களே தம் வாயால் மூன்று நாள் அறிவித்தார்கள். என்ன அறிவிக்கிறோமென்பதை மாத்திரம் அறியவில்லை.

படுக்கைப் புண் ஓர் இரவில் வருவதன்று. அசையாது கிடப்பவரின் முதுகடியிலும் இடுப்பிலும் குதிகாலிலும் எலும்பு தோலை அழுத்துகிறது; அழுந்திய இடத்தில் ரத்தம் ஓடாது. முதலில் சிவப்பு, பின்பு தோலுரிதல், பின்பு குழி, கடைசியில் எலும்பே தெரியும் பள்ளம். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பதும், ஈரத்துணியை மாற்றுவதும், வயிறாரச் சத்துணவு கொடுப்பதுமே தடுப்பு முறை. இதற்கு விலையுயர்ந்த யந்திரம் வேண்டுவதில்லை; இரண்டு கைகள் வேண்டும். இரவில் முப்பது பேருக்கு ஒரே பணிப்பெண் என்று வைத்து நடத்தும் விடுதியில் அக்கைகளுக்கு எங்கே போவது? அறையில் நாற்றமெடுத்தபோது ஊதுவத்தி ஏற்றிவைத்தார்களாம். நீரிழிவும் ரத்த ஓட்டக் குறைவும் உள்ள சிலருக்கு எவ்வளவு பேணினும் புண் வருவதுண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின் பேணினோம் என்று காட்டவேண்டிய கடமை யாருடையது?

இங்கேதான் சட்டம் வருகிறது. பணம் பெற்றுச் செய்யும் வைத்திய சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டதென்று 1995 நவம்பரில் சாந்தா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. கட்டணம் வாங்கி முதியோரைப் பராமரிப்பதும் சேவையே என்பது எமது துணிபு. 2019-ஆம் வருஷத்திய புதிய நுகர்வோர் சட்டப்படி இறந்தவரின் வாரிசு மனுச் செய்யலாம், விடுதி சென்னையிலிருந்தாலும், தாம் குடியிருக்கும் தஞ்சையிலேயே செய்யலாம், வக்கீல்கூட வேண்டியதில்லை. (எம் தொழிலுக்கு இது நஷ்டந்தான், இருப்பினும் சொல்லிவிடுகிறோம்.) கெடு இரண்டு வருஷம். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிப்பதுண்டு. அதை நம்பியிருப்பது விவேகமன்று.

ருசுவுக்கு என்ன செய்வது என்பர். 1963-இல் ஔரங்காபாத் சர்க்கார் ஆஸ்பத்திரியில் கருத்தடைச் சிகிச்சை செய்துகொண்ட ஒரு தாயின் வயிற்றில் துணிச்சுருளை வைத்துத் தைத்துவிட்டனர். வயிற்றுக்குள் சீழ் பிடித்து அவள் மாண்டாள். வயிற்றில் துணி இருந்ததே அசிரத்தைக்குப் போதிய சாட்சி என்று கொண்டு, 1996-இல் சுப்ரீம் கோர்ட்டு சர்க்காரைப் பொறுப்பாக்கியது. இடையே முப்பத்து மூன்று வருஷம்! எலும்பு தெரியும் புண்ணும் அத்தகைய சாட்சியே. விடுதிக்குள் நடந்தது விடுதியாருக்கு மாத்திரமே தெரியும். தனக்கே தெரிந்த விஷயத்தைத் தானே நிரூபிக்கவேண்டுமென்பது சாட்சியச் சட்டத்தின் பழைய விதி. புரட்டிய நேரத்தைக் குறித்த ஏடு எங்கே என்று கேட்டால், எம் கட்சிக்காரருக்குக் கிடைத்தது பணம் பெற்ற ரசீதுகள் மட்டுமே.

இலவச விடுதியிற் கிடப்போர் கதியோ இதனினும் மோசம். இலவச சேவை நுகர்வோர் சட்டத்துக்குப் புறம்பு. அவர்களுக்குச் சிவில் கோர்ட்டே வழி, அதற்கு மனுச் செய்ய உறவினர் இல்லை. பெற்றோர் பராமரிப்புக்கென 2007-இல் இயற்றிய சட்டம் கைவிட்ட பிள்ளையைத் துரத்துகிறது: மூன்று மாதச் சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பணம் வாங்கிக்கொண்டு கைவிட்ட தனியார் விடுதியை அது ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அக்குறையை நீக்க, விடுதிகளைப் பதிவு செய்து தரம் வகுக்கும் மசோதாவொன்று 2019 டிசம்பரில் லோக் சபையில் வந்தது, சட்டமாகவில்லை.

அமெரிக்கரைப் பல விஷயங்களில் நாம் பின்பற்ற வேண்டியதில்லை. ஆயினும் புண்ணின்றி வந்தவருக்கு, தவிர்க்கவொண்ணாத நிலையிலன்றி, புண் வரலாகாது என்று அவர்கள் 1987-ஆம் வருஷத்துச் சட்டத்தின்கீழ் விதி செய்திருக்கின்றனர். சர்க்கார் விடுதியில் இருப்பவர் அச்சட்டத்தின் உரிமைகளுக்காக வழக்காடலாமென்று அவர்களுடைய சுப்ரீம் கோர்ட்டு 2023 ஜூனில் சொல்லிற்று. அவ்வளவு தூரம் போவானேன்? தஞ்சைச் சத்திரங்களைப் பற்றிச் சரபோஜி மன்னர் 1801-இல் ஆங்கில ரெஸிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில், நோயுற்று விழும் வழிப்போக்கனுக்கு மருந்தும் பத்தியமும் அளித்து, குணமாகும்வரை வைத்துக் காப்பதைச் சத்திரத்தின் கடமைகளுள் ஒன்றாகக் கூறியிருக்கிறார். ஊர்பேர் தெரியாத வழிப்போக்கனுக்கு அன்று செய்ததை, ஆயுளெல்லாம் இம்மண்ணில் நாற்று நட்டவளுக்கு இன்று பணம் வாங்கிக்கொண்டும் செய்யவில்லை.

ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி, சங்கிலியிற் பிணித்திருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் மாண்ட பிறகே அவ்வகை விடுதிகளைப் பற்றித் தேசம் பேசிற்று. தீயின் புகை ஊருக்குத் தெரியும். செப்ஸிஸுக்குப் புகையில்லை, “வயதாகிவிட்டது” என்ற மூன்றாவது நாளே பால் தெளித்துவிடுகிறோம்.

தேசத் தொண்டர்கள் தத்தம் ஊர் விடுதிக்குப் போய், பிறந்தநாள் சாப்பாடு போட்டுப் படம் பிடித்துக்கொள்வதோடு நில்லாமல், போர்வையை நீக்கிக் குதிகாலைப் பார்க்கட்டும். இரவில் எத்தனை பணியாளர், புரட்டும் ஏடு உண்டா, கடைசியாக வைத்தியர் வந்த தேதி யாது என்று கேட்கட்டும். அவ்வேட்டைக் கட்டாயமாக்கி, ஒவ்வொரு மரணத்தையும் ரெவின்யூ அதிகாரிக்கு அறிவிக்கச் செய்யும் சட்டத்தைச் சென்னைச் சட்டசபை தானே இயற்றலாம். டில்லிக்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை.

இவ்வளவையும் கேட்ட அம்மகன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “கூண்டிலேற்றி முதலில் என்னைத்தானே கேட்பார்கள், ஐயா? மூன்று நாள் தூங்குகிறாள் என்றார்களே, நீ ஏன் விமானம் ஏறவில்லை என்று?” என்றார். கேட்பார்கள். குறுக்கு விசாரணையில் நாமே எதிர்த்தரப்பிலிருந்தால் அதைத்தான் முதலிற் கேட்போம். ஆனால் மகன் வராதது, கட்டணம் வாங்கியவரின் கடமையைக் குறைக்காது என்று சொன்னோம். யோசித்துச் சொல்வதாகச் சென்றார். கெடு வருகிற தை மாதம் முடிகிறது. காகிதக் கட்டு எம் மேஜைமீதே இருக்கிறது.