பழைய உடலும் புதிய வலுவும்

பழையதொன்றைப் புதுக்குதல் என்றால் யாது? சிதைந்ததை முன்னிருந்தபடியே நிறுத்துவதா, அன்றி அதன் வடிவத்தைக் காத்துக்கொண்டு இக்காலத்துக்கு வேண்டிய வலுவை அதனுள் ஏற்றுவதா? கோயில் திருப்பணியிலும் ஏட்டுச் சுவடிப் பதிப்பிலும் நாம் நெடுங்காலமாகக் கேட்டுவரும் இக்கேள்வி, மோட்டார்ப் பட்டறையிலும் எழுகின்றது. அங்கே அது எழும் விதத்தை ஆராய்ந்தால், நம் துறைக்குரிய விடையும் ஓரளவு தெளிவாகும் என்பது என் எண்ணம். அதற்கு நான் எடுத்துக்கொள்ளும் சான்று, இங்கிலாந்தில் உருவாகி நம் மலைநாட்டுத் தோட்டப் பாதைகளிலும் ஓடிய லாண்ட் றோவர் வண்டியாகும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னர், றோவர் கம்பனியின் தலைமைப் பொறியியலாளராயிருந்த மொறிஸ் வில்க்ஸ், வேல்ஸ் நாட்டு அங்கிள்சித் தீவிலிருந்த தமது நிலத்தில் பழைய அமெரிக்க ஜீப் ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். அத்தகையதொரு வண்டியைத் தாமே செய்தாலென்ன என்ற எண்ணம் 1947 இல் உருப்பெற்றது. முதற் பரிசோதனை வண்டி ஜீப்பின் அடிச்சட்டத்தின் மேலேயே அமைந்தது. உருக்குத் தட்டுப்பாடு நிலவிய காலமாதலின், உடலை அலுமினியக் கலப்புலோகத் தகட்டால் ஆக்கினர். இயந்திரத்தையோ தம் கம்பனியின் காரிலிருந்து எடுத்தாண்டனர். 1948 ஏப்ரில் 30 ஆம் நாள் அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் உலகோர் முன் வந்த அவ்வண்டியை, 1,595 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் ஏறத்தாழ 50 பரிவலுவும் உடைய பெற்றோல் இயந்திரம் இயக்கிற்று. இருந்தவற்றைக் கொண்டு இயன்றதைச் செய்த கைத்திறனே லாண்ட் றோவர். ஆகவே, அதன் இயந்திரத்தை மாற்றுவது அதன் பிறப்புக்கே மாறானது என வாதிடுதல் அரிது.

கம்பனியாரும் அவ்வாறு எண்ணினாரல்லர். 1950களில் இரண்டு லீற்றர், 1958 இல் வந்த இரண்டாம் வரிசையில் இரண்டே கால் லீற்றர் என இயந்திரம் வளர்ந்தது. 1979 இல் மூன்றரை லீற்றர் கொண்ட எட்டுச் சிலிண்டர் இயந்திரமே ஏறியது. அமெரிக்காவின் பியூக் நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் செய்து, பின் கைவிட்ட அலுமினிய இயந்திரத்தின் வழிவந்தது அது. அதன் உரிமையை றோவர் கம்பனி 1965 இல் பெற்றிருந்தது. புதிய இயந்திரத்துக்கு இடம் வேண்டியிருந்தமையால், இரு மட்காட்டுகளுக்கும் நடுவே உள்ளொடுங்கியிருந்த முகப்பு முன்னே தள்ளப்பட்டது. வண்டியின் முகமே மாறிற்று! ஆயினும், றேஞ்ச் றோவரில் ஏறத்தாழ 135 பரிவலு தந்த அதே இயந்திரம் இங்கே 91 பரிவலுவுக்கு அடக்கப்பட்டது. செய்தவர்களே வலுவுக்கு ஓர் எல்லை வகுத்தனர் என்பது கருதத்தக்கது.

வலு இயந்திரத்தோடு முடிவதன்று. அது கியர்ப் பெட்டி வழியே சென்று, அச்சினுள் இருக்கும் தண்டுகளை முறுக்கிச் சக்கரத்தை அடைகின்றது. ஐம்பது பரிவலுவுக்கெனச் செய்த தண்டு, அதைப்போல் நான்கு மடங்கு வலு முறுக்கும்போது ஒடிதல் இயல்பு. மிதமான வேகத்தை நிறுத்தப் போதுமான பழைய பிறேக்குகள், மிக்க வேகத்தில் சூடேறிப் பிடிதளரும். றேடியேற்றரும் வில்லுகளும் ஸ்ரியறிங்கும் தத்தமக்கேற்ற திருத்தம் வேண்டி நிற்கும். இயந்திரத்தை மாத்திரம் மாற்றிவிட்டு ஏனையவற்றை அப்படியே விடுபவர் வண்டியைப் புதுக்கினாரல்லர். ஆபத்தொன்றுக்கு வர்ணம் பூசினார் என்பதே பொருந்தும்.

இவ்வண்டியின் எழுபதாம் ஆண்டாகிய 2018 இல், அதன் வாரிசான கம்பனி இரண்டு பணிகளை அறிவித்தது. 1948 கண்காட்சிக் காலத்து வண்டிகளுள் ஒன்று, 1960களில் கடைசியாகச் சாலையில் ஓடியபின், இருபது ஆண்டுகள் வேல்ஸ் நாட்டு வயலொன்றிற் கிடந்து, ஈற்றில் சொலிஹல் நகருக்கு அண்மையில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் அகப்பட்டது. அதன் பழைய பச்சை வர்ணத்தையும் காலத்தின் தழும்புகளையும் அழியாது காத்துப் பழுதுபார்ப்பது முதற் பணி. 2012 முதல் 2016 வரை செய்யப்பட்ட டிஃபென்டர் வண்டிகளை எடுத்து, 122 பரிவலு இயந்திரத்துக்குப் பதிலாக 405 பரிவலு தரும் ஐந்து லீற்றர் இயந்திரத்தைப் பொருத்துவது மற்றையது. எட்டுக் கியர் கொண்ட தன்னியக்கப் பெட்டியும், திருத்திய பிறேக்குகளும், வலுவூட்டிய தாங்கமைப்பும் அதனோடு சேர்ந்தன. 150 வண்டிகளுக்கு மேற்படாது என்ற வரையறையும் இருந்தது. முன்னையதில் மாற்றாமை அறம். பின்னையதில் முழுவதும் மாற்றுதலே அறம்.

எது மாறினால் வண்டி வேறாகிவிடும்? பிரித்தானியாவின் மோட்டார்ப் பதிவுத் துறை நெடுங்காலம் கைக்கொண்ட புள்ளி முறை இதற்கொரு விடை தந்தது. எட்டுப் புள்ளி பெற்ற வண்டியே தன் பழைய பதிவிலக்கத்தை வைத்திருக்கலாம். அடிச்சட்டத்துக்கு ஐந்து புள்ளிகள்; அச்சுகளுக்கு இரண்டு; கியர்ப் பெட்டி முதலியவற்றுக்கு இரண்டு; இயந்திரத்துக்கோ ஒன்றே ஒன்று! இயந்திரத்தையே வண்டியின் உயிரெனக் கருதும் நமக்கு இது வியப்பளிக்கும். அன்றியும், லாண்ட் றோவரில் முதலில் துருவேறி அழிவது உருக்கினாலான அந்த அடிச்சட்டமே. அதே அமைப்பிற் செய்த புதிய சட்டமாயின் சட்டம் அதனை ஏற்றது. ஒரு பொருளின் தன்மை அதன் உலோகத்தைக் காட்டிலும் அமைப்பிலேயே தங்கியுள்ளது என்பது இதன் உட்கிடை.

இவ்விடத்தில் எனக்கு நன்னூலார் பகுத்த முதனூலும் வழிநூலும் நினைவுக்கு வருகின்றன. 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் ஏடுகளை ஒப்புநோக்கி மூலத்தைக் காக்க முயன்றார். அங்கே பதிப்பாசிரியர் தம் சொந்த வலுவை ஏற்ற இடமில்லை. வழிநூல் செய்வோனுக்கோ அவ்வுரிமை உண்டு. முதனூலோடு பெரிதும் ஒத்து, தான் வேண்டும் வேறுபாட்டைச் சேர்த்து, சேர்த்ததை முழுவதும் தாங்குமாறு நூலை அமைப்பது அவன் கடன். கண்காட்சி வண்டி முதனூல். 405 பரிவலு வண்டி வழிநூல். இரண்டும் வேண்டியவையே. வழிநூலை முதனூலென்று சொல்லி விற்பதும், எஞ்சியிருக்கும் ஒரே முதனூலை அழித்து அதன் தாளில் வழிநூல் எழுதுவதுமே குற்றங்கள்.

ஆதலின், பழைய வண்டிக்குப் பெரிய இயந்திரம் பூட்ட விரும்புவோர் முன் மூன்று கடமைகள் உள்ளன. அவ்வண்டி அரிய சான்றாயின் அதைத் தொடாதிருத்தல் ஒன்று. தொட்டால், புதிய வலுவைத் தாங்குமாறு தண்டு முதல் பிறேக் வரை திருத்துதல் மற்றொன்று. கழற்றிய பழைய இயந்திரத்தை எறியாது வைத்து, மாற்றியவற்றை எழுதி வைத்தல் மூன்றாவது. பின்னொரு காலத்தில் மூலத்தைத் தேடி வருபவனுக்கு அக்குறிப்பே வழிகாட்டும். புதுக்குவோன் தன் காலத்துக்கு மாத்திரம் உழைப்பவனல்லன். தனக்குப் பின் வந்து புதுக்கப்போகும் மற்றொருவனுக்கும் அவன் கடன்பட்டவன்.